பெத்தம்மாள் வாங்கிய தொட்டி வண்டி

பெத்தம்மாளுக்குக் கோபம் முற்றினால் குரல் இறங்கிவிடும். பந்தல்குடியில் அவளைத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். அவள் சத்தம் போட்டுக்கொண்டிருக்கிற வரைக்கும் பயமில்லை. பக்கத்து வீட்டில் உப்புக் கேட்கிற மாதிரி பேச ஆரம்பித்துவிட்டால் எதிரே நிற்கிறவர் ஏதாவது வேலையைச் சொல்லிக்கொண்டு நகர்ந்துவிடுவது நல்லது. அருப்புக்கோட்டையில் வண்டிப் பட்டறை வைத்திருந்த வெள்ளத்துரைக்கு மட்டும் இதை யாரும் சொல்லி வைக்கவில்லை.

அவள் மரம் வெட்டும் தொழிலை நடத்த வந்ததே கோபத்தில்தான். அதற்கு முன்னால் அது அவள் புருசன் கருத்தப்பாண்டியின் தொழில். காரியாபட்டியிலிருந்து தூத்துக்குடி ரோடு வரைக்கும், வீட்டுக்கூரையில் சாய்ந்த வேம்பு, கரண்டுக் கம்பியில் உரசும் வாகை, மடத்துச் சுவரை நெட்டும் புளி என்று எதுவாக இருந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். மெலிந்த ஆள். மரத்தில் ஏறினால் கீழே நிற்கிறவர்களுக்குக் கழுத்து வலிக்கும். பெத்தம்மாள் பதினெட்டு வயதிலிருந்து களை எடுத்தாள், கட்டட வேலைக்குப் போனாள், பெயிண்டர்களுக்குச் சித்தாளாக ஆறு வருசம் சுவர் வெடிப்பைப் பட்டி மாவு வைத்து அடைத்துத் தேய்த்தாள். வேலை இல்லாத நாளில் புருசன் பின்னாலேயே போய், அவர் வெட்டிப் போடுகிற கொப்புகளைச் சேர்த்துக் கட்டி டிராக்டரில் ஏற்றுவாள்.

நாலு வருசத்துக்கு முன்னால் பாலவனத்தம் பக்கம் ஒரு மில்லுக்குள் வாகை மரத்தைக் கழிக்கப் போனார்கள். தகரக்கூரைக்கு மேலே கொப்பு நீண்டிருந்தது. லோடு ஏற்ற லாரி வரப் போகிறது என்று மில்லு சூப்பர்வைசர் மரத்தடியிலேயே நின்று விரட்டிக்கொண்டிருந்தான்.

"கயித்த இடுப்புல கட்டுங்க" என்று பெத்தம்மாள் கீழிருந்து கத்தினாள்.

"ஒண்ணும் ஆகாது புள்ள. ரெண்டு வெட்டுத்தான்."

வாகைக் கொப்பு வளையாது, முறியும். அது அவருக்குத் தெரியாததல்ல. இருபதடி உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் விழுந்தார். இடுப்பெலும்பு விட்டுப்போனது. வலது தொடையில் இரண்டு இடத்தில் முறிவு. மதுரை ஆஸ்பத்திரியில் நாற்பது நாள் கிடந்தார்.

மூன்றாவது நாள் மில்லிலிருந்து ஒரு ஆள் பழப்பையோடு வந்தான். பைக்குள் ஒரு காகிதம் இருந்தது. "கையெழுத்தாம்மா, கைநாட்டாம்மா?" என்று கேட்டான். பெத்தம்மாள் எட்டாவது படித்தவள். காகிதத்தை வாங்கி, வார்டில் இருந்த இருபது கட்டிலுக்கும் கேட்கிற மாதிரி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் நிறுத்தி நிறுத்திப் படித்தாள். யாரும் ஏறச் சொல்லாமல் தானாகவே மரத்தில் ஏறி விழுந்தார் என்று அதில் எழுதியிருந்தது. படித்து முடித்ததும் மடித்துப் பழங்களுக்கு நடுவில் வைத்து, பையை அவன் கையிலேயே கொடுத்து, "உங்க மொதலாளிகிட்ட குடுத்துருங்க. அவுக சாப்பிடட்டும்" என்றாள். அதற்குப் பிறகு மில்லு வாசலுக்குப் பதினோரு தடவை நடந்தாள். வாட்ச்மேனைத் தாண்டி ஒரு தடவைகூடப் போக முடியவில்லை.

மில்லுக்காரன் மேல் இருந்த கோபத்தை அவள் ஊரறியச் சொன்னாள். புருசன் மேல் இருந்த கோபத்தை யாரிடமும் சொல்லவில்லை. பெரியது அதுதான். அவர் விழுந்து கிடந்த இடத்திலிருந்து நாலு எட்டு தள்ளி, சுருட்டியது சுருட்டியபடியே கயிறு கிடந்தது.

கருத்தப்பாண்டி கம்பு ஊன்றி நடக்க எட்டு மாதம் ஆனது. அதற்குள் கூட வேலை பார்த்த மூன்று பேர் வந்து, "மதினி, வேலைய விட்றாதீக, நம்ம பாப்போம்" என்றார்கள். அவர்களில் தவசிதான் நல்ல ஏறுகிற ஆள். முப்பத்திரண்டு வயது, இரண்டு பெண் பிள்ளைகள். பெத்தம்மாள் சரி என்றாள். ஆனால் வீட்டுக்கூரை உயரத்துக்கு மேல் யாரும் ஏறக் கூடாது என்றும் சொல்லிவிட்டாள். அதனாலேயே பாதி வேலை கைவிட்டுப் போனது. மதுரையிலிருந்து தொட்டி வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்துப் பார்த்தாள். லாரியில் நீளமான இரும்புக் கை, கை நுனியில் ஆள் நிற்க ஒரு தொட்டி, தெருவிளக்கு மாற்றுவதற்கு வருமே அந்த வண்டி. வண்டிக்காரன் பத்து மணிக்கு வருவான். மூன்று மணிக்குக் கிளம்பிவிடுவான். நடுவில் செல்போனைப் பார்த்துக்கொண்டு, "வெரசா முடிங்க" என்பான். விரட்டுகிற குரல் கேட்டாலே அவளுக்கு மில்லு ஞாபகம் வந்துவிடும்.

சொந்த வண்டி வாங்குவது என்று முடிவெடுத்தாள். லோனுக்காக எத்தனையோ மேசைக்கு முன்னால் நின்றாள். எல்லா மேசையிலும் "வீட்டுக்காரர் வரலையாம்மா?" என்றுதான் ஆரம்பித்தார்கள். எப்படியோ கிடைத்தது.

வெள்ளத்துரை அறுபது வயதுக்காரர். வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், வாயில் எப்போதும் "தங்கச்சி". நல்ல இஞ்சினோடு ஒரு பழைய சின்ன லாரியை அவரே தேடிக் கொடுத்தார். வடக்கே ஏதோ ஒரு ஊரில் ஓய்ந்துபோன வண்டியிலிருந்து கழற்றிய இரும்புக் கையும் தன்னிடம் இருப்பதாகச் சொன்னார். "நாப்பதடி எட்டும். ரெண்டு ஆளு தாராளமா நிக்கலாம். ஒரு மாசத்துல மாட்டிக் குடுத்துருதேன்."

பெத்தம்மாள் தினமும் காலை பஸ்ஸில் பட்டறைக்குப் போனாள். என்னென்ன வேண்டும் என்பதைப் பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைத்திருந்தாள். டிரைவர் தலைக்கு மேலே கொப்பு விழுந்தால் தாங்குகிற மாதிரி இரும்பு வலை. ரம்பத்தை ஆடாமல் மாட்டி வைக்கக் கொக்கி. தொட்டிக்குள் கால் வழுக்காமல் ரப்பர் பாய், பெல்ட்டு மாட்ட வளையம். வண்டி சாயாமல் தாங்க நாலு மூலையிலும் ஊன்றுகிற ஜாக்கிக் கால்களுக்கு அடியில் போட அகலமான பலகைகள்.

"பலகை எதுக்கு தங்கச்சி? இரும்புக் காலு பத்தாதா?"

"இங்க கரிசல் அண்ணாச்சி. ஐப்பசியில மழை பேஞ்சா மாட்டுக் காலே முழங்காலு வரைக்கும் போவுது. உங்க இரும்புக் காலு எம்புட்டுப் போகும்?"

அவர் சிரித்தபடி எழுதிக்கொண்டார். அடுத்த நாள் அவள் வேறொன்று கேட்டாள்.

"மேல ஆளு நிக்கையில இஞ்சினு நின்னுபோனா எப்படி எறக்குவீக?"

"நிக்காது. நம்ம மெக்கானிக்கு பாத்த இஞ்சினு."

"நின்னா?"

"ஏணி வச்சு எறங்கிக்கிற வேண்டியதுதான்."

"நாப்பதடி ஏணி எங்க இருக்கு? காட்டுங்க, பாப்போம்."

வெள்ளத்துரை அவளை விட்டுத் திரும்பினார். அன்று அவளோடு வந்து, கம்பை ஊன்றிக்கொண்டு பக்கத்தில் நின்ற கருத்தப்பாண்டியைப் பார்த்து, "என்ன தம்பி, வீட்ல எப்பவும் இப்படித்தானா? ஆர்.டி.ஓ. கூட இம்புட்டுக் கேக்க மாட்டாரு" என்றார். கருத்தப்பாண்டி சிரித்தார். பெத்தம்மாள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நோட்டில் 'கைப்பம்பு' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டாள். இஞ்சின் நின்றாலும் கையால் பம்பு அடித்துத் தொட்டியைக் கீழே இறக்குகிற ஏற்பாடு அது. வாடகை வண்டியில் பார்த்திருந்தாள். அது இல்லாமல் வண்டியை எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

மூன்றாவது வாரம் ஒரு புதன்கிழமை போனபோது இரும்புக் கைக்கு மஞ்சள் பெயிண்டு அடித்து வண்டி மேல் கிடத்தியிருந்தார்கள். பட்டறையில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அவள் பலகையில் ஏறி நின்று இரும்புக் கையைத் தடவிக்கொண்டே வந்தாள். மடங்குகிற மூட்டுக்கு ஒரு முழம் கீழே உள்ளங்கைக்கு ஏதோ வித்தியாசமாகப் பட்டது. அந்த இடத்தில் மட்டும் பெயிண்டு தடித்து, வழவழவென்று மின்னியது. ஆறு வருசம் வெடித்த சுவருக்குப் பட்டி பார்த்தவளுக்கு அது என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வீட்டுச் சாவியால் தட்டினாள். மற்ற இடத்தில் கணீரென்று கேட்டது, அங்கே மட்டும் மொத்தென்று கேட்டது. சுரண்டினாள். பட்டி பொடியாக உதிர்ந்தது. உள்ளே, மூன்று பக்கமும் சுற்றி, கோணல்மாணலாக ஒரு வெல்டிங் ஓடியது. எங்கோ ஒருமுறை முறிந்த கை அது.

வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த புருசனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் குனிந்து பார்த்தார்.

"பழைய வெல்டிங்குதான். தாங்கும். லாரிச் சட்டத்தையே ஒட்ட வச்சு ஓட்டுறாக. ஒண்ணும் ஆகாது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. பெத்தம்மாள் இறங்கி, சாவியைச் சேலையில் துடைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். இரண்டு நாள் அவரோடு பேச்சே இல்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விடுவாள்.

மூன்றாம் நாள் காலையில் அவர் கம்பை எடுத்துக்கொண்டு வெளியே கிளம்பும்போது வாசலில் மறித்து நின்றாள். குரல் மிகத் தணிவாக இருந்தது.

"நீங்க விழுந்தன்னைக்கு நான் அழுதேன்னு நெனச்சிக்கிட்டு இருக்கீக. அழுகல. ஆத்திரத்துல கண்ணு நெறஞ்சிருச்சு. கயிறு அங்கனயே கெடந்துச்சு. மில்லுக்காரன் பாவி, ஒத்துக்கிருதேன். கயித்த எடுத்துக் கட்ட வேணாம்னு சொன்னது அவன் இல்ல."

கருத்தப்பாண்டி கம்பின் நுனியால் தரையைக் கீறிக்கொண்டு நின்றார். "இப்ப என்ன செய்யணும்ங்கிற?" என்றார்.

"திங்கக்கெழம வண்டி குடுக்கிறாக. கூட வாங்க. அங்க வந்து அந்தாளு பேச்சுக்குச் சிரிக்காம நில்லுங்க. அது போதும்."

திங்கள்கிழமை வண்டிக்கு மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துத் தயாராக நிறுத்தியிருந்தார்கள். சுரண்டிய இடத்தில் மறுபடியும் பெயிண்டு அடித்திருந்தது. தங்கள் வண்டிகளைச் சரிபார்க்க விட்டிருந்த இரண்டு லாரி முதலாளிகள் வாசலில் டீயோடு உட்கார்ந்திருந்தார்கள். பெத்தம்மாள் தவசியோடு ஒரு சின்ன ஆட்டோவில் வந்து இறங்கினாள். ஆட்டோவில் நாலு மூட்டை மணல் இருந்தது. அரிசிக்கடைத் தராசில் நிறுத்து, ஒவ்வொன்றும் ஐம்பது கிலோவாகக் கட்டியது.

"இது என்னத்துக்கு தங்கச்சி?"

"அப்புறம் சொல்றேன். ரெண்டு ஆளு நிக்கலாம்னு சொன்னீகள்ல அண்ணாச்சி?"

"தாராளமா."

"அப்ப வாங்க, நீங்களும் நானும் ஏறுவோம்."

வெள்ளத்துரை சிரிக்கப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "எனக்குப் பிரஷரு இருக்கு தங்கச்சி. ஒசரத்துக்குப் போனா தலை சுத்தும்."

"சரி. இத ஒட்டவச்ச மேஸ்திரி ஏறட்டும்."

வெல்டிங் மேஸ்திரி எதையோ தேடுகிற மாதிரி உள்ளே போய்விட்டார்.

"யாரும் ஏறலையா?" என்றாள் பெத்தம்மாள். "சரி விடுங்க. நாளைக்கு எங்க தவசி ஏறுவான். அவனுக்குப் பிரஷரு இல்ல. ரெண்டு பொம்பளப் பிள்ளைகதான் இருக்கு."

வாசலில் டீ குடித்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தவசி மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கித் தொட்டிக்குள் வைத்தான். வெள்ளத்துரையின் குரல் உயர்ந்தது.

"மூட்டைய ஏத்தி ஆயில் சீலு போச்சுன்னா நான் பொறுப்பில்ல, சொல்லிட்டேன்."

"மனுசன் ஏறுனா பொறுப்பா?"

வெள்ளத்துரை கருத்தப்பாண்டியின் பக்கம் திரும்பினார். "தம்பி, நீயாவது எடுத்துச் சொல்லப்பா."

கருத்தப்பாண்டி சிரிக்கவில்லை. கம்பை வண்டி மேல் சாய்த்து வைத்துவிட்டு, இரும்புக் கையை ஏற்றி இறக்கும் நெம்புகோல்கள் இருந்த இடத்துக்கு நொண்டி நொண்டிப் போனார். "எல்லாரும் தள்ளி நில்லுங்க. நான் தூக்குறேன்" என்றார்.

இரும்புக் கை மெல்ல எழுந்தது. பத்தடி, பதினஞ்சடி, இருபதடி. ஒன்றும் ஆகவில்லை. வெள்ளத்துரை இடுப்பில் கைவைத்துக்கொண்டு எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். கருத்தப்பாண்டி இரும்புக் கையைப் பக்கவாட்டில் நீளவிட்டார். அப்போதுதான் நறநறவென்று ஒரு சத்தம் வந்தது. மூட்டுக்குக் கீழே மஞ்சள் பெயிண்டு கோடையில் வெடிக்கிற கரிசல் போலப் பிளந்தது. பட்டி பாளம் பாளமாக உதிர்ந்தது. அடுத்த நொடி கை அந்த இடத்திலேயே மடங்கி, தொட்டி தலைகீழாகத் தொங்கி, நாலு மூட்டையும் தரையில் விழுந்து உடைந்தது. புழுதி மெல்ல அடங்கியது. தவசி உடைந்த மூட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பெத்தம்மாள் வெள்ளத்துரைக்குப் பக்கத்தில் போனாள். இரண்டு பேருக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"மண்ணுன்னா அள்ளிக்கலாம் அண்ணாச்சி."

அவர் முகம் கறுத்தது. "உள்ள வா தங்கச்சி, ஒக்காந்து பேசுவோம்."

"உள்ள வரமாட்டேன். இங்கனயே பேசுங்க."

"நாப்பது வருசத் தொழிலும்மா இது. பொம்பளப்பிள்ள வாசல்ல நின்னு அசிங்கப்படுத்துற."

"தெரிஞ்சு செஞ்சீகளா, தெரியாம செஞ்சீகளா? அத மட்டும் சொல்லுங்க."

அதற்குள் வாசலில் இருந்த லாரி முதலாளிகள் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, செல்போன் வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டு தங்கள் லாரிகளுக்கு அடியில் குனிந்துவிட்டார்கள். ஒருவர் சட்டத்தைச் சாவியால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளத்துரையை உடைத்தது பெத்தம்மாளின் பேச்சில்லை, அந்தச் சாவிச் சத்தம்தான். பெரியவராக இருந்த லாரிக்காரர் சட்டையைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்தார். "அண்ணாச்சி, அந்தம்மாவுக்குப் புதுசா செஞ்சு குடுத்துருங்க. இல்லைன்னா என் வண்டிய இன்னைக்கே எடுத்துக்கிருதேன்" என்றார்.

புதுக் கை செய்ய முப்பத்தி நாலு நாள் ஆனது. ஒட்டுப் போட்ட இரும்பு ஒன்றுகூட இருக்கக் கூடாது என்றும், பெயிண்டு அடிப்பதற்கு முன்னால் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றும் பெத்தம்மாள் எழுதி வாங்கிக்கொண்டாள். வண்டியின் ஆர்.சி. புத்தகம் அவள் கையில் இருந்ததால் அதுவரை வெள்ளத்துரையால் அதை வேறு யாருக்கும் தள்ளிவிட முடியவில்லை. முப்பத்தி நாலு நாளும் பட்டறைக்குப் போனாள். ஒரு நாற்காலியைக்கூட யாரும் எடுத்துப் போடவில்லை. நின்றாள். மதுரையிலிருந்து வந்த இஞ்சினியர் ஒருத்தர், மூட்டுகளில் சிவப்பு மருந்தைத் தடவித் துடைத்து, வெள்ளைப் பொடி தூவிப் பார்த்தார். விரிசல் இருந்தால் சிவப்புக் கோடு தெரியும் என்றார். தெரியவில்லை. அவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மஞ்சள் பெயிண்டு டப்பாவைத் திறக்க விட்டாள். மறுபடியும் நாலு மூட்டை ஏறியது. அரை மணி நேரம் தொட்டி மேலேயே நின்றது.

முதல் வேலை காரியாபட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில். வகுப்புக் கூரை மேல் வேப்பங்கொப்புகள் கவிந்திருந்தன. விடுமுறை நாள். தவசி ரம்பத்தை எடுத்தபோது, "நான் ஒருதரம் ஏறிக்கிருதேன்" என்றார் கருத்தப்பாண்டி. தவசி பெத்தம்மாளைப் பார்த்தான். அவள் பெல்ட்டை எடுத்துப் புருசனிடம் நீட்டினாள். அவர் மாட்டிக்கொண்டு தொட்டிக்குள் ஏறினார். கொக்கி விழுந்திருக்கிறதா என்று அவளே இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள். இழுத்த இழுப்பில் அவர் தடுமாறித் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

முப்பதடி உயரத்தில் நின்று பெரிய கொப்பு ஒன்றைத் துண்டு துண்டாக இறக்கினார். கைவேலை மாறவில்லை. கூரையில் ஒரு ஓடு அசையவில்லை. முடித்து இறங்கியவர் நேராக வண்டிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். தண்ணீர்ப் பாட்டிலைத் திறக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பெத்தம்மாள் வாங்கித் திறந்து கொடுத்தாள்.

"பயமா இருந்துச்சு புள்ள" என்றார் அவர். "தொட்டி கொஞ்சம் ஆடுச்சு. அன்னைக்கு விழுந்தது அப்படியே வந்து நின்னுச்சு."

கல்யாணமாகி இருபத்தி மூன்று வருசத்தில் அவர் வாயிலிருந்து பயம் என்ற வார்த்தையை அவள் கேட்டதில்லை. இத்தனை நாள் கட்டி வைத்திருந்த கோபத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் கையிலிருந்த பாட்டில் மூடியை உருட்டினாள். பிறகு, "பயந்தா நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு, ஜாக்கிக் கால்களைப் பார்க்கப் போனாள். அப்போது பள்ளிக்கூடத்து வாட்ச்மேன், ஆள் வராமல் இருக்க இவர்கள் மரத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி, மரத்தடியில் நிறுத்தியிருந்த தன் சைக்கிளை எடுக்க உள்ளே வந்துகொண்டிருந்தார். பெத்தம்மாள் அவரைப் பார்த்துப் போட்ட சத்தம் மெயின் ரோட்டு டீக்கடை வரைக்கும் கேட்டது.